லூசியனின் வண்டி கேட்டில் நின்றது

— முதல்ல அந்தப் பாட்டை நிறுத்தச் சொல்லு, க்ளோவிஸ். லூசியன் அத்தானை இன்னும் புதைக்கல. பெட்டி இந்த வண்டிக்குள்ளதான் இருக்கு.

— சத்தியமா தெரியாம நடந்துபோச்சு, அல்போன்ஸ். வண்டி மூலை திரும்புச்சு. போயிடுச்சுன்னு நெனச்சு, டிரம் அதிராம இருக்க அடியில வச்சிருந்த கைக்குட்டையை உருவிட்டேன். அதைப் பாத்ததும் பேண்டு ஆட்டப் பாட்டை எடுத்துடுச்சு. ரயில்வே கேட் போட்டு இங்கயே நிப்பீங்கன்னு கண்டேனா?

— நியூ ஆர்லியன்ஸ்லதானே பொறந்தே? வண்டி கண்ணுக்கு மறையற வரைக்கும் சோகப் பாட்டு, அப்புறம்தான் ஆட்டம். பால்குடிக்குக்கூடத் தெரியும். பெரிய டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டாம்.

— தப்புதான். அண்ணி, கண்ணாடியை இறக்குங்க. நாலு அறை வேணும்னாலும் விடுங்க.

— அக்காவை விடு. அத்தான் மட்டும் எழுந்து உக்காந்திருந்தா, உன்னை டிரம்மோட ஆத்துல தள்ளியிருப்பார்.

— தள்ளியிருப்பார். ஒரு அடி முந்தி அடிச்சாலே வாரம் பூரா பேச மாட்டார்.

— அப்போ போய் நிறுத்து.

— கத்திப் பாத்துட்டேன்ப்பா. டிராம்போன்காரன் கண்ணை மூடிட்டு ஊதறான். மீன்கடை பெர்த்தா குடையை விரிச்சு ஆடறா. பாதிரியாரே காலால தாளம் போடறார். இந்தப் பேட்டையில லூசியன் அண்ணன் வந்து ட்ரம்பெட் ஊதாத கல்யாணம் உண்டா, சாவு உண்டா? அத்தனை வீட்டு ஜனமும் தெருவுல இருக்கு. யாரைப் புடிச்சு நிறுத்தறது?

— ரயில் போனதும் நாங்க கிளம்பிடுவோம். அதுக்குள்ள பாட்டு நிக்கலேன்னா, உங்க பேண்டுக்கும் எங்க குடும்பத்துக்கும் இன்னியோட தீந்துச்சு. அக்கா வீட்டு முற்றத்துல ஒத்திகைன்னு ஒருத்தனும் கால் வைக்கக்கூடாது.

— அண்ணி, அந்த முற்றம் இல்லேன்னா பேண்டே இல்ல. நீங்களாவது ஒரு வார்த்தை...

— ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க. கேக்க விடுங்க.

— என்னக்கா சொல்றே?

— எப்பவும் முன்னாடி நின்னு ஊதிட்டே இருந்த மனுஷன். சாப்பிட உக்காந்தா கேப்பார், ‘ஓடீல், நம்ம பேண்ட் தள்ளி நின்னு கேட்டா எப்படியிருக்கு?’ நான் என்னத்தக் கண்டேன்? ‘சத்தமா இருக்கு’ம்பேன். மூஞ்சி சுருங்கிப்போயிடும்.

— கேட்டைத் தூக்கிட்டாங்கக்கா. டிரைவர் வண்டியை எடுக்கறார்.

— எடுக்க வேண்டாம்னு சொல்லு, அல்போன்ஸ். உன் அத்தான் இன்னிக்குத்தான் முதல் தடவையா தள்ளியிருந்து கேக்கறார்.