வெளுத்துப் பார்த்த ஸ்லைடு

சதையைக் கெடாமல் ஊறப்போடும் ஃபார்மலின் வாசனை கையைவிட்டுப் போகாது என்பார்கள். நல்ல சோப்பாகப் பார்த்துப் போட்டால் போய்விடும்.

வயதாகிவிட்டது, கவனப்பிசகு என்று விசாரிக்க வந்த நீங்களே எனக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டுகிறீர்கள். அது எனக்கு வேண்டாம்.

செத்துப்போனவன் என் தங்கை புருஷன். ஒரே லேபில் இருவரும் தோல்கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் புற்றா இல்லையா என்று சொல்கிறவர்கள். அவனுக்குக் கூர்மையான கண், அதைவிடக் கூர்மையான வாய். ஒருமுறை ஒரு கறுப்புக் கட்டியை ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டேன். கரியை அப்பியதுபோல நிறமி மண்டிக் கிடந்தால் அடியிலிருக்கும் செல் தெரியாது. கட்டியைச் சீவி வைத்த ஸ்லைடை மருந்தில் போட்டு வெளுத்துத்தான் பார்க்க வேண்டும். நான் வெளுக்கவில்லை. அவன் வெளுத்தான். புற்று.

"மச்சான் லைட்டைப் போடாமலே பாத்துட்டாரு போல," என்றான், டாக்டர்கள் நிறைந்த கூட்டத்தில். வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் அதையே சொன்னான். என் தங்கையும் சிரித்தாள். அதற்குப் பிறகு லேபில் எடுபிடி வேலை செய்கிறவன்கூட, "லைட்டு போடட்டுமா சார்?" என்று கேட்பான். தங்கை புருஷனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

பிறகு அவன் முதுகிலேயே ஒரு கறுப்புக் கட்டி வந்தது. தன் சதையைத் தானே பார்ப்பதில்லை என்பது எங்கள் தொழிலில் வழக்கம். ஆசை கண்ணைக் கெடுத்துவிடும்.

"நீங்களே பாருங்க மச்சான். வேற யார்கிட்டயும் குடுக்க மனசில்ல," என்றான். நெற்றி வேர்த்திருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

இந்த முறை வெளுத்தேன். கறுப்பு விலகியதும் தாறுமாறான உட்கருக்கள், பாதி இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தன. புற்றுதான், சந்தேகத்துக்கே இடமில்லை. நீல மச்சம், ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் என்னைக் கட்டிக்கொண்டான். தங்கை அன்று எனக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

கட்டி ஈரலுக்குப் பரவியபோது ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்க மச்சான். அவ்வளவு கறுப்புல உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

தங்கையும் அதையே சொல்லி என்னைத் தேற்றுகிறாள். அவன் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை. அந்த வெளுத்த ஸ்லைடு என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக் கேளுங்கள். நான் சரியாகத்தான் பார்த்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தங்கையிடமும் சொல்லிவிடுங்கள்.