பின் சீட்டின் இடது ஓரம்

மத்தியானம் இரண்டு மணி. ஈ காக்கை இல்லாத ரோடு... என்ன முறைக்கிறீர்கள்? பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று சட்டமா? கரண்ட் வரும்வரை வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிட்ட வாருங்கள்.

இது என் நண்பனின் அக்கா புருஷனுக்கு நடந்தது. ஆள் மெக்கானிக். அன்று அவன் ஓட்டி வந்தது செத்துப்போன மாமனாரின் பழைய கார். வண்டியில் அவன் ஒருத்தன்தான். ஆனாலும் பின்பக்கம் இடது ஓரம் தாழ்ந்தே வந்தது... பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'கிர்ர்ர்' என்றது.

அவனுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. மாமனார் வருஷக்கணக்காக உட்கார்ந்த மூலை அது. நல்ல கனத்த சரீரம். மருமகன் ஓட்டினால் முன் சீட்டில் ஏறவே மாட்டார். மகள் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்ட மெக்கானிக்கைக் கண்டாலே அவருக்கு ஆகாது. சாப்பாட்டுத் தட்டின் முன் அவன் வந்து உட்கார்ந்தால் போதும். "கையைக் கழுவிட்டு வாடா," என்பார். கழுவிவிட்டுத்தான் வந்திருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுந்து போவான்.

மகள் உண்டாகியிருந்தபோது அவன் காதுபடவே சொன்னார்: "புள்ள பொறந்தா என் மடியிலதான் வளரும். அந்தக் கிரீஸ் கையால தூக்க விடமாட்டேன்."

சொன்ன மனுஷன் பேரன் முகம் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். இப்போது பிள்ளை பிறந்துவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர வேண்டும். அதே காரில்தான் அழைத்துவருவேன் என்று மெக்கானிக்குக்கு வீம்பு.

ஷெட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கினான். பின் அச்சோடு சேர்ந்து வண்டியின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையைக் கழற்றினான். வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டுக் கட்டியிருக்குமே, அதுதான். நடு போல்ட் கழன்று தகடுகள் பிரிந்ததும் ஒரு வாடை... கிரீஸ் இல்லை. துரு இல்லை. மாமனார் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம்.

"வண்டிக்கும் தேச்சிருக்கான் பாரு கிழவன்," என்று காறித் துப்பினான். கம்பி பிரஷ்ஷால் தகடு தகடாகச் சுரண்டினான். தட்டையாகிப் போயிருந்த மெயின் தகட்டை வீசிவிட்டுப் புதுசு போட்டான். கிரீஸ் தடவி, அடுக்கி, இறுக்கி, தூக்கி மாட்டினான்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பட்டையின் இரண்டு முனையிலும் போல்ட்டைச் சுற்றி ரப்பர் வளையம் உண்டு, புஷ் என்பார்கள். வண்டி அந்தரத்தில் தொங்கும்போது முனை போல்ட்டுகளை முழுசாக இறுக்கக் கூடாது. இறக்கி, சக்கரம் தரையில் பட்டு, பாரம் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும்.

ஜாக்கியை இறக்கினான். வலது பக்கம் ஜம்மென்று நின்றது. இடது பக்கமும் நின்றது... ஒரு மூச்சு நேரம். பிறகு, கதவெல்லாம் மூடியிருக்கும்போதே, 'கிர்ர்ர்' என்று மெதுவாகக் கீழே போனது. நாலு விரல் தாழ்ந்து நின்றது. தைல வாடை குப்பென்று அடித்தது.

நீங்களாக இருந்தால் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடியிருப்பீர்கள். இவனுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது.

"செத்தும் எறங்க மாட்டியா? சரி, உக்காரு. என் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். என் புள்ளய நான் தூக்குறதப் பாத்து வயிறெரி!"

கத்திக்கொண்டே வண்டிக்கு அடியில் புகுந்து, அந்தப் பாரம் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டான். வீட்டுக்கு வா என்று வாயால் கூப்பிட்டு, வண்டியோடு அவரையும் சேர்த்தே முடுக்கிவிட்டான்... அதுதான் அவன் செய்த தப்பு.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டு படியிறங்கினான். பூனைக்குட்டிக் கனம்கூட இல்லை. அவனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மனைவி பின்னால் இடது ஓரத்தில் ஏறினாள். உடனே நகர்ந்துகொண்டாள்.

"சீட்டு சூடா இருக்குங்க... இப்பதான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி."

வழியெல்லாம் பிள்ளை வீறிட்டது. அவள் மடியில் அடங்கவில்லை. இடது ஓரத்தில் கிடத்தினாள். சட்டென்று அழுகை நின்றது.

வீட்டு வாசல் வந்தது. அவள் பிள்ளையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். 'கிர்ர்ர்'... இடது பக்கம் மேலே எழும்பியது. இரண்டு பக்கமும் ஒரே மட்டம். தொலைந்தார்! அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

"குடு, நான் உள்ள தூக்கிட்டுப் போறேன்."

கொடுத்தாள். வாங்கியவன் முட்டி மடங்கி வாசலிலேயே விழுந்தான். அவன் கையில் ஒரு முழு ஆளின் கனம்... பிள்ளையின் உச்சந்தலையில் தைல வாடை.

"பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு என்னங்க விளையாட்டு!" என்று குனிந்து, அவள் ஒற்றைக் கையால் பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் காரை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டான். பிரயோசனம் இல்லை. யார் தூக்கினாலும் வருகிற பிள்ளை, பெற்றவன் தூக்கினால் மட்டும் தரையைவிட்டு எழவில்லை. ராத்திரி எல்லாரும் தூங்கியபின் தொட்டிலோரம் உட்கார்ந்து அழுவானாம்.

பிள்ளைக்குப் பேச்சு வந்தது. அம்மா வந்தது, அத்தை வந்தது. அப்பா மட்டும் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் அவன் தட்டின் முன் வந்து உட்கார்ந்தான். பிள்ளை அவனை நிமிர்ந்து பார்த்தது. மழலை துளிகூட இல்லாமல் சொன்னது...

"கையைக் கழுவிட்டு வாடா."