சிவப்புப் பெயின்ட் வைத்த ஊசி

என் இடப்பக்கம் அமர்ந்திருக்கும், நம் டாக்டரம்மாவின் அன்புக் கணவர் அவர்களே! வலப்பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும், என் அருமைச் சங்கச் செயலாளர் அவர்களே! டாக்டரம்மாவிடம் பல்லைக் கொடுத்துவிட்டு மாதிரி விமானப் பைத்தியத்தை வாங்கிக்கொண்டு போன பெரியோர்களே, தாய்மார்களே! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மைதானத்துக்கு வரும் சங்க உறுப்பினர்களே! இந்த மேசை மேல் நிற்கும் டாக்டரம்மாவின் மஞ்சள் இறக்கை விமானமே, உனக்கும் வணக்கம். நான் பேச ஆரம்பித்தால் மைக்கைப் பிடுங்கத்தான் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிடுங்குகிறவர் இன்று இல்லை.

யாரை இழந்திருக்கிறோம் தெரியுமா? பல் டாக்டரை என்று ஊர் சொல்லும். பல் பிடுங்க வேறு டாக்டர் கிடைப்பார் ஐயா! ஓடுகிற எஞ்சினின் பக்கத்தில் கண்ணை மூடி நின்று, "இது பட்டினி கிடக்குது, கொஞ்சம் ஊத்துங்க" என்று சொல்லும் காது இனி எங்கே கிடைக்கும்?

சங்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரிமோட்டில் பறக்கும் நம் விமானங்களின் எஞ்சினில் எரிபொருள் போகும் வழியில் ஒரு சின்ன ஊசி இருக்கும். அதை உள்ளே திருகினால் எரிபொருள் குறையும், வெளியே திருகினால் கூடும். அவ்வளவுதான் சங்கதி. அந்த ‘அவ்வளவுதான்’ எங்களையெல்லாம் வருஷக்கணக்கில் பாடாய்ப் படுத்தியது.

அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் வைத்திருந்தது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கொசு காதுக்குள் புகுந்த மாதிரி கத்தும். நம் சங்கத்துப் பேக்கரிக்காரர்தான் முதன்முதலில் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்கி வந்தார். அடடா, அதன் குரலே வேறு! மோட்டார் சைக்கிள் மாதிரி கனத்த குரல். ஆனால் முழு வேகத்துக்குக் கொண்டுபோனால் போதும், படீரென்று ஓர் உதை உதைக்கும், ப்ரொப்பெல்லர் தனியே கழன்று பறந்துவிடும். ஒரு தடவை கொட்டகைக் கதவில் போய்க் குத்தி நின்றது. சங்கமே புல்லுக்குள் குனிந்து நட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் வேலிக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர், அதன் மேல் வெள்ளைக் கோட்டோடு ஓர் அம்மா.

"என்னங்க தேடறீங்க?"

"நட்டுங்க."

"ரெண்டு நட்டு இருக்கணுமே, ரெண்டாவது எங்க?"

பேக்கரிக்காரர் திருதிருவென்று விழித்தார். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஒரு நட்டின் மேல் இன்னொரு நட்டு போட்டு இறுக்க வேண்டும். அந்த இரண்டாவது நட்டைத் தேவையில்லாத சாமான் என்று நினைத்து அவர் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"சரி, நட்டு போனது பெருசில்ல. அது ஏன் உதைக்குது? பசிங்க. எரிபொருள் பத்தல. ஊசிய வெளிய திருகுங்க."

நான் சும்மா இருப்பேனா? "நீங்க யாரும்மா, எங்களுக்குப் பாடம் எடுக்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பல் டாக்டருங்க. நீங்க பேசும்போதே பாத்தேன், கீழ் வரிசையில கடைசிப் பல் சொத்தை. நாளைக்கு வாங்க."

போனேன். வேறு வழி? வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தேன். அவர் பல்லைக் குடைந்துகொண்டே ப்ரொப்பெல்லர் பாடம் நடத்தினார். எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத நிலையில் என்னைப் படுக்க வைத்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்! "ப்ரொப்பெல்லருக்கு ரெண்டு அளவு இருக்கு தலைவரே. மொத அளவு நீளம். ரெண்டாவது, ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னால போகும்னு சொல்றது. நீளம் பெருசா வெச்சா இழுக்கும். ரெண்டாவது அளவு பெருசா வெச்சா ஓடும். ரெண்டையும் பெருசா வெச்சா எஞ்சின் மூச்சு வாங்கிச் செத்துரும். வாயக் கொப்பளிங்க."

பாடம் அதோடு நிற்கவில்லை. எங்களுக்கெல்லாம் ப்ரொப்பெல்லர் அளவிலேயே பெயர் வைத்தார். பேக்கரிக்காரர் பதினொன்றுக்கு எட்டு. ஓட்டம் அதிகம், மேடு ஏற மாட்டார். செயலாளர் பன்னிரண்டுக்கு ஆறு. எந்த விமானத்தில் மாட்டினாலும் எப்படியோ பறந்துவிடுவார். நான்? பதினாறுக்கு நாலு. "காத்த மட்டும் நல்லா அடிப்பாரு தலைவரு, நகரவே மாட்டாரு." சபையிலே சொன்னார்! சிரிக்காதீர்கள் ஐயா, சிரித்தவர்கள் யார் யார் என்று அன்றைக்கே குறித்து வைத்திருக்கிறேன்.

அவர் ஒரு ப்ரொப்பெல்லரைத் தேர்ந்தெடுப்பதைப் பார்க்க வேண்டுமே! புதிய ப்ரொப்பெல்லரை அப்படியே மாட்டியதை நான் பார்த்ததே இல்லை. நடுத்துளையில் கம்பியை நுழைத்துத் தொங்கவிடுவார். எந்தப் பக்கம் கீழே சாய்கிறதோ அந்தப் பக்கத்தின் பின்புறத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பார். மறுபடி தொங்கவிடுவார். மறுபடி தேய்ப்பார். பார்க்கிற நமக்குக் கொட்டாவி வரும். படுக்கை மட்டமாக அது அசையாமல் நின்ற பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். வெட்கமென்ன, சொல்கிறேன்.

ஃபோர் ஸ்ட்ரோக்கைத் தமிழாக்கி அவருக்கு "நான்கு வீச்சு நாயகி" என்று பட்டம் கொடுத்தோம். நான்தான் எழுதினேன், நான்தான் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டேன். கண்ணாடிக் கடைக்காரன் நான் சட்டம் போட்டால் எப்படி இருக்கும்! அவர் அதை வீட்டுக் கொல்லைப்புறத்தில் எண்ணெய் டப்பாவுக்கு மூடியாக வைத்திருந்தார். "நல்ல கனமா இருக்கு தலைவரே, காத்துல பறக்கல."

அந்தக் கொல்லைப்புறம்! அங்கே போய் வந்தவர்களுக்கு அந்த நாற்காலி நினைவிருக்கும். கிளினிக்கில் பழசாகிப்போன பல் மருத்துவ நாற்காலியைத் தூக்கிப் போடாமல் கொண்டுவந்து, கொல்லையில் நிறுத்தியிருந்தார். நோயாளி படுக்கும் இடத்தில் விமானத்தை வைத்து வார் போட்டுக் கட்டுவார். எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, காலால் பெடலை மிதிப்பார். நாற்காலி மெல்லச் சாயும். விமானத்தின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஏன் அப்படி? விமானம் தரையில் நிற்கும்போது எல்லா எஞ்சினும் ஒழுங்காகத்தான் ஓடும். மூக்கைத் தூக்கி மேலே ஏறும்போது எரிபொருளும் ஏற வேண்டும். அங்கேதான் பஞ்சம் வரும், குரல் கம்மும், எஞ்சின் நிற்கும். அதனால் மூக்கைத் தூக்கிவைத்துக் கேட்பார். குரல் லேசாகக் கம்மினாலும் ஊசியை இரண்டு 'கிளிக்' வெளியே திருகுவார். "கீழ இருக்கும்போது வயிறு ரொம்பி இருக்கணும் தலைவரே. மேல போனா தன்னால பசிக்கும்."

இதைத் தினமும் செய்வார். நேற்று பறந்த விமானம்தானே, நேற்று வைத்த ஊசிதானே என்று நான் ஒருநாள் கேட்டதற்கு எரிந்து விழுந்தார். "நேத்துக் காத்தையா இன்னிக்குக் குடிக்கப்போகுது?"

இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்ப இங்கே வருவேன்.

இப்போது டாக்டரம்மாவின் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சார், நீங்கள் தலையைக் குனிந்தாலும் நான் விடமாட்டேன். புத்தகங்களுக்குப் பிழை திருத்தும் தொழில் அவருக்கு. அமைதி வேண்டும். கொல்லையில் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மேலே ஒரு ஜன்னல் படாரென்று சாத்தப்படும். டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "சாத்தியாச்சா? சரி, இனி சத்தமா ஓட்டலாம்" என்பார். இத்தனை வருஷத்தில் சார் நம் மைதானத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை. நாங்களும் என்ன நினைத்தோம்? பாவம் டாக்டரம்மா, வீட்டில் ஆதரவில்லை என்று நினைத்தோம்.

போன மாதம் சார் என் கடைக்கு வந்தார். கண்ணாடியின் மூக்குப்பிடி கழன்றிருந்தது. மாட்டிக் கொடுத்தேன். போகவில்லை. கண்ணாடியைக் கழற்றுகிறார், போடுகிறார். கடைசியில் சொன்னார்: "வீடு ரொம்ப அமைதியா இருக்குங்க. ஒரு வரிகூட ஓடமாட்டேங்குது. அந்தச் சத்தத்த ஒரே ஒரு தடவ கேக்கணும்."

  வேறு யாருக்கும் செய்ய வேண்டாம், இந்த மனிதருக்கு இதைச் செய்ய முடியாவிட்டால் நாமெல்லாம் என்ன சங்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை நானும் செயலாளரும் அந்தக் கொல்லைக்குப் போனோம். போனால், இந்த மஞ்சள் விமானத்தின் ஊசித் தலையில் சிவப்புப் பெயின்ட்! திரும்பாதபடி ஒட்டியிருக்கிறது. யார் வேலை? இதோ, நம் செயலாளர் வேலை. ஏன் தம்பி என்றேன். "டாக்டரம்மா கை கடைசியாப் பட்ட எடம் அண்ணே. அவங்க வெச்ச மாதிரியே இருக்கட்டும். யாரும் தொடக்கூடாது." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நான் எப்படித் திட்டுவேன்? திட்டினேன். ஆனாலும் விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா அந்த ஊசியைத் திருகியது கோடை வெயிலில். உடம்பு முடியாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், பெடலை நான் மிதித்தேன், ஊசியை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. இப்போது என்ன காலம்? ஸ்வெட்டர் இல்லாமல் யாராவது இந்த மண்டபத்தில் இருக்கிறீர்களா? குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கோடைக்கு அளந்த எரிபொருள் அதற்குப் போதாது. தெரிந்தும் ஓட்டினோம். அவர் வைத்த ஊசி என்ற மரியாதை!

சார் ஜன்னலில் நின்றார். எஞ்சின் பிடித்தது. வேகம் ஏற்றினேன். கத்தியது. மூக்கைத் தூக்கினேன். படீர்! ஓர் உதை, நின்றுவிட்டது. இரண்டு நட்டு போட்டிருந்ததால் ப்ரொப்பெல்லர் தப்பியது. வானத்தில் ஏறும்போது இப்படி நின்றிருந்தால் இந்த மஞ்சள் இறக்கை இன்று விறகு.

ஜன்னலிலிருந்து சார் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "இது அவ சத்தம் இல்லீங்களே."

கேட்டீர்களா சபையோரே? ஊசி அவர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. இம்மிகூட நகரவில்லை. ஆனால் சத்தம் அவருடையது இல்லை! அதைச் சொன்னது நானா? இத்தனை வருஷம் கூடவே பறக்கவிட்ட பேக்கரிக்காரரா? ஜன்னலைச் சாத்திக்கொண்டவர் சொன்னார்! சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்!

சார், இன்னொன்றும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கெல்லாம் பெயர் வைத்தாரே, ஒருநாள் நான் குறும்பாகக் கேட்டேன்: "வீட்டுக்காரர் என்ன அளவும்மா?" அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. இந்த மஞ்சள் விமானத்தின் மூக்கில் மாட்டியிருந்த ப்ரொப்பெல்லரைத் தொட்டுக் காட்டினார். "பதினாலுக்கு ஆறு. பெட்டியில இருக்கிறது எல்லாத்தையும் மாட்டிப் பாத்தாச்சு தலைவரே. என் எஞ்சினுக்கு இது ஒண்ணுதான் ஒத்துப்போச்சு."

அழுங்கள் சார். நாங்கள் எல்லோரும் இருக்கிறோம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக நான் ஒரு தீர்மானம் வாசிக்க வேண்டும். செயலாளர் அழகாக எழுதியிருக்கிறார். இந்த விமானத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துச் சங்க அறையில் நிறுத்துவது, டாக்டரம்மா வைத்த ஊசியை எக்காலத்திலும் யாரும் தொடாதிருப்பது. கண்ணாடி என் கடையிலிருந்தே என்றும் போட்டிருக்கிறார், என்னைக் கேட்காமலே!

வாசிக்க மாட்டேன். தலைவர் பதவியைப் பிடுங்கினாலும் வாசிக்க மாட்டேன்!

செயலாளர் தம்பி, உன் அன்பு எனக்குத் தெரியாதா? அவர் படுத்தபோது நீதானே தினமும் போய் நின்றாய். ஆனால் யோசித்துப் பார். அவர் நமக்கு விட்டுப்போனது ஊசி நிற்கும் ஓர் இடமா? இல்லை தம்பி! காலையில் காற்று என்ன சொல்கிறதோ அதைக் கேட்டு ஊசியைத் திருகு என்பதைத்தானே விட்டுப்போனார்? நேற்றுக் காற்றையா இன்றைக்குக் குடிக்கப்போகிறது?

ஆகவே சபையோரே, டாக்டரம்மாவின் படத்தின் முன்னால் நாம் ஏற்கும் உறுதி இது. இந்த விமானம் பெட்டிக்குள் போகாது, ஞாயிறுதோறும் பறக்கும். ஒவ்வொரு முறையும் மூக்கைத் தூக்கிவைத்துக் கேட்போம். கேட்காமல் ஒருவரும் பறக்கவிட மாட்டோம். அவர் காது நமக்கு வராது. பரவாயில்லை, நாம் பல பேர் இருக்கிறோம், சேர்ந்து கேட்போம்.

அஞ்சலியாக எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டும் என்றும் நிரலில் இருக்கிறது. காப்போம், ஆனால் இங்கே வேண்டாம். அந்தக் கொல்லைப்புறம் அடுத்த தெருதான். எல்லோரும் நடந்து போவோம். பேக்கரிக்காரரே, விமானத்தைத் தூக்கிக்கொள்ளுங்கள், இறக்கை கதவில் இடிக்காமல் பார்த்து. தம்பி, பெயின்டை வைத்தவன் நீ, உன் நகத்தாலேயே சுரண்டி எடு. ஊசியையும் நீயே திருகு. சார், நாற்காலியின் பெடலை நீங்கள்தான் மிதிக்க வேண்டும். எப்போது சரி என்று சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். அந்தச் சத்தம் எங்கள் யாரையும்விட உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் தலையசைக்கும் வரை இவன் திருகிக்கொண்டே இருப்பான், நாங்கள் வாய் திறக்காமல் நிற்போம். நானும்தான்.

இங்கே வரும் வழியில் சாரிடம், வீட்டைப் பூட்டிவிட்டீர்களா என்று கேட்டேன். "கதவப் பூட்டிட்டேங்க. ஜன்னல மட்டும் தெறந்து வெச்சிருக்கேன்" என்றார்.

வாருங்கள், போவோம்.