பதிந்த பெயர்

ஒருமுறை பெயர் பதிந்துவிட்டால், நாமாக விலகும்வரை அது அழியாது என்றுதான் ஒரு தோட்டக் குடும்பம் நம்பியிருந்தது. சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை, நமுனுகுலையிலிருந்து பதுளைக்குச் சென்ற பஸ்ஸில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு தாயும் ஆசிரியையான அவர் மகளும் எனக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள். மகள் இணையவழியில் கல்வியியல் முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துவந்தாள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"கிளாஸ்ல நான் இருக்கேம்மா. ஆனா ஸ்டூடன்ட் இல்லையாம்."

"அதெப்படி? போன வருசமே பேர் பதிஞ்சியே?"

"ஒவ்வொரு செமஸ்டருக்கும் திரும்பப் பதியணுமாம். பாப்பா பொறந்தப்ப நான் பதியவும் இல்ல, லீவு எழுதிக் கேக்கவும் இல்ல. பேர எடுத்துட்டாங்க."

"என் பேரு பதினெட்டு வயசுல தோட்டத்து ஆள்கணக்குல, செக்ரோல்ல ஏறுச்சு. நீ பொறந்தப்பகூட யாரும் வெட்டல."

"அது தோட்டம்மா."

"அப்ப நாலு மாசமா, காலையில பேர் கூப்புடுற பெரட்டுல நிக்கிற மாதிரி போனைப் பாத்துப் பேர் சொன்னியே, அது யாருக்கு?"

"அதான் எனக்கும் புரியல. லிங்க் இன்னும் தொறக்குது."

"அதையே இப்பப் போற யுனிவர்சிட்டி ஆபீஸ்ல கேளு. வேலைய வாங்கிட்டுப் பேர் இல்லன்னு எங்க தோட்டத்துத் தொரைகூட சொல்ல மாட்டாரு."

மகள் சிரித்துவிட்டு, மடியிலிருந்த கடிதத்தை நீவினாள். "திரும்பச் சேத்துக்கச் சொல்லி எழுதுன இந்த லெட்டர ஏத்துக்கலன்னா மொதல்ல இருந்து படிக்கணும்மா."

பசறையைக் கடந்தபோது மகளின் இணைய வகுப்பு தொடங்கியது. கைப்பேசித் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. தாய் எட்டிப் பார்த்தார். மகளின் பெயரும் அவற்றுள் இருந்தது.