வளைவில் கட்டிய பதாகை

பெயர்: மெல்ரோய் ஐறீன். வயது: 44. தொழில்: கொட்டாஞ்சேனையில் சரக்கு அனுமதி அலுவலகமொன்றில் எழுதுவினைஞர். முகவரி: கடற்கரை ஒழுங்கை, முகத்துவாரம், கொழும்பு 15. விதவை.

நான் மேற்சொன்ன முகவரியில் தனியே வசிக்கிறேன். என் கணவர் மெல்ரோய் துறைமுகத்தில் கிரேன் இயக்கியவர். சென்ற வருடம் ஒரு மாலை, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, எங்கள் ஒழுங்கைக்கு முன்னாலுள்ள வளைவில் எதிரே வந்த லொறி வளைவைக் காணாமல் நேரே வந்து மோதியதில் அவ்விடத்திலேயே இறந்தார். அங்கே அப்போதும் ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. இரும்புத் தகட்டில் சாதாரண பெயின்ட். கடற்காற்று அதைத் தின்று, மஞ்சள் எது துரு எது என்று தெரியாமல் கிடந்தது. லொறிச் சாரதி, "அதில போர்ட் இருந்ததே எனக்குத் தெரியாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அதன் பின்னர் வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். என் தொல்லை தாங்காமல் அங்கிருந்த பொறியியலாளர் நமசிவாயம் புதுப் பலகைக்கான மாதிரித் துண்டுகள் சிலவற்றை என் கையில் தந்து, "நீங்களே பாத்துச் சொல்லுங்கோ அம்மா" என்றார். அவற்றை வீட்டின் கடல் பக்க யன்னலில் கட்டி, மழைக்காலம் முடியும்வரை விட்டேன். பெயின்ட் அடித்தது பகலில் நல்ல வடிவு, பொழுது பட்டால் இருக்குமிடம் தெரியாது. ஒட்டுத்தாள் ஒன்று ஓரத்தில் உரிந்து தொங்கியது. அலுமினியத் தகட்டில் ஒளி தெறிக்கும் தாள் ஒட்டியது மாத்திரம், டோர்ச் அடித்ததும் பளிச்சென்று முகத்துக்கு வந்தது. அதையே கேட்டேன். "அலுமினியத்தைக் கழட்டிப் பழைய இரும்புக் கடையில போட்டிடுவாங்கள்" என்றார் நமசிவாயம். அப்படியானால் கழற்ற முடியாதபடி அடியுங்கள் என்றேன். ஓரத்தில் நிறுத்தும் லொறிகள் மறைக்காத உயரத்தில் வைக்கவும் சொன்னேன். அப்படியே வைத்தார்கள்.

அதன் பின்னர் மாலையில் முச்சக்கர வண்டியில் வீடு திரும்பும்போதெல்லாம் விளக்கு வெளிச்சம் பட்டுப் பலகை பளிச்சிடும். கரன்ட் போன நேரங்களில் என் கணவர் வாசலில் நின்று, வருகிற என் முகத்தில் டோர்ச்சை அடித்துச் சிரிப்பார். அது நினைவுக்கு வரும். வளைவு வருமுன்னரே முன்னுக்குச் சாய்ந்து இருந்துகொள்வேன். இது வழக்குக்குத் தேவையா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் சார்ஜன்ட் கேட்டார். தேவை, எழுதுங்கள் என்றேன்.

நேற்று அவரது முதலாம் ஆண்டு நினைவு. தேவாலயத்தில் மாலைப் பூசை முடிந்து, எங்கள் வீதிக்குப் புதியவரான திலக்ஷன் என்பவரின் முச்சக்கர வண்டியில் திரும்பினேன். வளைவில் பலகை பளிச்சிடவில்லை. அந்த இடத்தில் என் கணவர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கணம் நான் வேறொன்றும் நினைக்கவில்லை. வந்துவிட்டார் என்று மனம் துள்ளியது. அதற்குள் திலக்ஷன் "ஐயோ மாதாவே!" என்று பிரேக் அடித்தார். வண்டி மதிலை உரசி நின்றது.

இறங்கிப் பார்த்தபோது, அது என் கணவரின் படம் போட்ட நினைவஞ்சலிப் பதாகை. அவருடன் வேலை செய்த ஜெயகுமாரும் நண்பர்களும், அவர் விழுந்த இடம் என்பதால் அந்தக் கம்பத்திலேயே, பலகை முழுவதும் மறையக் கட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குச் செய்யும் மரியாதை அது. ஜெயகுமார் எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை, மூளையும் இல்லை. இன்னும் கம்பத்தடியில் நின்ற அவரிடம், "அவிழ்த்து விடு தம்பி" என்றேன். "மெல்ரோய் அண்ணன்ட முகத்த நீங்களே கழட்டச் சொல்றீங்களா அக்கா? ஒரு மாசமாவது இருக்கட்டும்" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. "இன்னொருத்தியும் என்னைப் போல இருக்கோணுமா, எருமை!" என்றேன்.

அதன் பின்னர் பக்கத்து இளநீர்க் கடையில் கத்தியை வாங்கி, அவர்கள் சாத்தியிருந்த ஏணியில் ஏறிக் கீழ்க் கயிறுகளை அறுத்தேன். மேலே போனபோது அவர் முகம் என் முகத்துக்கு நேரே வந்தது. அந்தப் படத்தை நான் முன்னர் கண்டதில்லை. வேலைத்தலத்தில் ஜெயகுமார் போனில் எடுத்ததாம். பல் தெரியச் சிரிக்கிறார். வீட்டில் கெமராவைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார். மேல் கயிறு மெல்லியதுதான், அறுக்க எனக்கு நேரம் பிடித்தது. அறுந்ததும் பதாகையின் மேற்சட்டம் கீழே நின்ற ஜெயகுமாரின் தோளில் விழுந்தது. கத்தியால் வெட்டினேன் என்று அவர் இங்கே பொலிசில் கொடுத்த முறைப்பாட்டில் சொன்னது பொய். எருமை என்றது மெய். நான் ஏணியில் நிற்கும்போதே லொறி ஒன்று வந்தது. பலகை பளிச்சிட்டது. லொறி வேகம் குறைத்து வளைந்து போனது. ஜெயகுமாரும் அதைப் பார்த்தார்.

சான்றாக எடுக்கப்பட்ட பதாகை இன்று எனக்கு விரித்துக் காட்டப்பட்டது. அதிலிருப்பவர் என் கணவர் என அடையாளம் காட்டுகிறேன். மடித்து வைத்ததில் மடிப்பு அவருடைய சிரிப்பின் மேல் விழுந்திருக்கிறது. தயவுசெய்து சுருட்டி வையுங்கள். வழக்கு முடிந்ததும் வேறிடத்தில் கட்டுவதற்கு ஜெயகுமாரிடம் கொடுப்பதில் ஆட்சேபனை உண்டா என்று கேட்கப்பட்டது. உண்டு. அது எனக்கு வேண்டும். வீதியில் போகிறவர்கள் பலகையைப் பார்த்தால் போதும். அவரை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எருமை என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று சார்ஜன்ட் கேட்டார், வேண்டாம் என்றேன். நடந்ததில் எதையும் கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னேன், இவை யாவும் உண்மை என ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மெ. ஐறீன்