பறைக்கு ஊத்துன மொதத் தண்ணி

ஏ மாப்ள! அந்தச் சொம்பக் கீழ வையும்! பொண்ணு கட்டுன ஊருக்கு மொதக் கோயில் கொடைக்கு வந்துட்டு, வந்ததும் வராததுமா வழக்கத்த மிதிக்கப் பாக்கீரே. பறை இன்னும் குடிக்கல, நீரு குடிக்கலாமா? என்ன சிரிப்பு? அந்தக் கல்லுல உக்காந்து கேளும்.

ரொம்ப காலத்துக்கு முன்ன, கரண்டு வராத காலத்துல, இதே மேலவடலிக்கு ஒருத்தரு வந்தாராம். ஒபெங்குன்னு பேரு. ஆப்பிரிக்காவுல கானான்னு ஒரு நாடு இருக்குல்லா, அந்த நாட்டுத் தூதரு. தூதருன்னா சண்டை சமாதானம் பேசுத தூதரு இல்லவே. இந்த நாட்டுக் கூத்த அங்க கூட்டிட்டுப் போகணும், அந்த நாட்டுப் பாட்ட இங்க கொண்டாரணும். பத்து வருசமா அதுதான் வேலையாம். எட்டு நாடு மாத்திப் போட்டாங்களாம். எந்த ஊருலயும் பெட்டியில இருந்து துணிய முழுசா எடுத்து வச்சது கிடையாதாம்.

மனுசன் ஒரு எடத்துல உக்கார மாட்டாராம். நாற்காலி போட்டா அதச் சுத்தி நடப்பாராம். நின்னா கால் ஆடுமாம். மணிக்கூட்டப் பாப்பாராம், பைக்குள்ள போடுவாராம், மறுபடி எடுத்துப் பாப்பாராம்.

ஏன்னு கேளும். அவரு போட்ட ஒப்பந்தம் ரெண்டு, காயிதத்தோடயே நின்னுபோச்சு. ஆடிப்பாட ஆளுங்க வரல. 'இதுவும் அப்படிப் போனா உம்ம ஆபீச மூடிருவோம்'னு அவரு நாட்டுல இருந்து தந்தி வந்துட்டாம். அங்க பெரிய கொட்டுத் திருவிழா. அதுக்குப் பன்னெண்டு பறைக்காரங்க வேணும். பத்து வருசப் பாடும் அதுலதான் தொங்குது.

இங்க எங்க பாட்டன் மாடக்கண்ணுதான் பறைக்குத் தலைவரு. அவருக்கு ஏற்கெனவே பட்ட சூடு. முந்தி ஒரு அதிகாரி கூட்டிட்டுப் போயி, வாசல்ல வெயில்ல நிக்க வச்சுப் பறை அடிக்கச் சொன்னானாம். இவங்க குடுத்த தண்ணியத் தொடக்கூட இல்லையாம். அதனால பாட்டன் சொல்லிட்டாரு, "நம்ம கையால தண்ணி குடிக்காதவன் கூட நாம போகப்படாது."

ஒபெங்கு வந்து எறங்குனாராம். ஊரே கூடிட்டு. நடுவுல ஊர்ப் பெரிய பறை, காய்ச்சக் காத்துக்கிட்டுக் கெடக்கு. பாட்டன் வீட்டம்மா இருளாயி சொம்பு நெறையத் தண்ணி கொண்டாந்து நீட்டுனாளாம். எல்லாக் கண்ணும் அந்தச் சொம்பு மேலதான். குடிப்பானா, மாட்டானா?

வாங்குனாரு. பறையப் பாத்தாரு. நேராப் போயி, அந்தத் தண்ணிய அப்படியே தோலு மேல ஊத்திப்புட்டாரு!

அய்யோன்னு கூட்டம் அலறுச்சாம். நெருப்புல காட்டிக் காட்டி நாம முறுக்கேத்துத தோலு! இவரு குளுப்பாட்டி விட்டுட்டாரு. "தண்ணியும் குடிக்கல, பறையையும் கெடுத்துட்டான். வெரட்டுங்கலே!"ன்னு ஆளாளுக்குச் சத்தம். பாட்டன் மட்டும் தோலத் தொட்டுப் பாத்தாராம். தொளதொளன்னு கெடந்துச்சாம். அவருக்குக் கண்ணுல தண்ணி முட்டிட்டு.

ஒபெங்குக்கு ஒண்ணும் வெளங்கல. மொழிபெயர்க்க வந்த வாத்தியாரு காதுல சொன்னதும் ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சுக்கிட்டாராம். "எங்க ஊருல கொட்டுதான் மொதல்ல குடிக்கும். அதுக்குக் குடுக்காம மனுசன் வாய நனைக்க மாட்டான். மரியாதைன்னு நெனச்சுல்லா செஞ்சேன்!"

வெரட்ட வந்தவங்க கையக் கீழ போட்டாங்க. இருளாயிதான் வாயத் தொறந்தா. "நமக்கே கடைசியிலதான் குடுப்பானுவ. நம்ம பறைக்கு மொதத் தண்ணி குடுத்தவன இன்னிக்குத்தான் பாக்கேன்." இன்னொரு சொம்பு நீட்டுனா.

"வேண்டாம்மா. பறை பேசட்டும், பொறவு குடிக்கேன்"னாரு ஒபெங்கு.

பாட்டன் பனையோலையப் போட்டுத் தீ மூட்டுனாரு. "கிட்டப் புடிச்சா கிழிஞ்சிரும். தள்ளிப் புடிச்சா காயாது. உக்காந்து பதமாத் திருப்பணும். உம்மால முடியுமாவே?"

உக்காந்தாருவே! மொதவாட்டி ஒரு கல்லுல உக்காந்தாரு. கால் ஆடுது. கை மணிக்கூட்டுக்குப் போவுது. பாட்டன் மொறைக்காரு, கை திரும்பி வருது. ரெண்டு மணியாச்சு, மூணாச்சு. நாக்கு வறண்டு போச்சு. நாலு மணிக்கு அவரு ஏற வேண்டிய ரயிலு கூவிட்டுப் போச்சு. தலையத் தூக்கிப் பாத்தாராம். எந்திரிக்கல.

பொழுது சாய, பாட்டன் குச்சியால ஒரு அடி வச்சாரு. ணங்! ஊரு எல்லை வரைக்கும் கேட்டுச்சாம்.

அப்பத்தான் சொம்ப வாங்குனாராம். அண்ணாந்து ஊத்தலவே, வாய வச்சு, மடக்கு மடக்குன்னு ஒரு சொட்டு விடாமக் குடிச்சாராம். பாட்டன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "எப்பக் கிளம்பணும்?"

தூதரு அன்னிக்கே கருப்பட்டி லாரியில தொத்திக்கிட்டுப் போனாராம், பன்னெண்டு பேரையும் எழுதி எடுத்துக்கிட்டு. பொறவு நம்ம ஆளுங்க கப்பலேறிப் போனாங்க. அங்க மேடையில பதிமூணு நாற்காலி கெடந்துச்சாம். ஒண்ணு பறைக்காம். அதச் சொல்லும்போதெல்லாம் பாட்டன் அழுவாரு.

அன்னையில இருந்து தீ மூட்டுததுக்கு முன்ன பறைக்குத் தண்ணி குடுக்கோம். தோலுல இல்லவே, தரையில, மூணு வாட்டி. அதுவரைக்கும் ஊருல ஒருத்தரும் குடிக்கப்படாது. அந்தக் காலத்துல நம்ம கையால தண்ணி வாங்காத வீட்டுப் பேரப்புள்ளைங்களும் கொடைக்கு வந்து நிக்காங்க, பாரும். நாக்கு வறண்டு, பறை குடிக்கட்டும்னு காத்துக்கிட்டுத்தான் நிக்காங்க.

நீரு உக்காந்திருக்கீரே, இதுதான் தூதரு கல்லு. ம், எந்திரியும் மாப்ள. சொம்பு உம்ம கிட்டத்தான இருக்கு? இந்த வருசம் நீரே ஊத்தும்.