பேர் போடாத சீட்டு

அந்த வெள்ளிக்கிழமை அறையில் இருந்தவர்கள்: புரோகிராமர்கள் மூவர். அதில் இருவர் ஒரே மேசையில் ஒட்டிக்கொண்டே உட்காருவதால் இரட்டையர். மூன்றாமவர் எல்லாருக்கும் மூத்தவர் என்பதால் மாமா. திரைகளை வரையும் டிசைனர் பெண். பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் டெஸ்டர் அக்கா. அப்புறம், அணியை நடத்துகிற நான். ஆறு பேருக்கு ஏழு நாற்காலி. ஏழாவதில் டிசைனரின் பை இருக்கும்.

எனக்குக் கூட்டங்கள் பிடிக்கும்.

மருத்துவமனைக் கட்டில்களின் எச்சரிக்கை மணிக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை. நோயாளிக்கு மூச்சு தடுமாறினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வேலைக்கும் சுவரில் ஓர் அட்டை. அது ‘முடிந்தது’ பக்கம் போக ஆறு கையும் உயர வேண்டும். ஒரு கை உயராவிட்டாலும் அட்டை நகராது. அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். வெள்ளிதோறும் மாலையில், அணியில் எது மாற வேண்டும் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதி டப்பாவில் போடுவதும் என் ஏற்பாடுதான். பேர் போடக் கூடாது. பேர் இல்லாவிட்டால்தான் மனிதர்கள் உண்மை பேசுவார்கள் என்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அன்று ஐந்து கை உயர்ந்தது. அக்கா கை மடியிலேயே இருந்தது.

“ரெண்டு கட்டில் ஒரே நேரத்துல அடிச்சா ரெண்டாவது மணி அமுங்கிப்போகுது. ஒம்பது தடவை பாத்துட்டேன்.”

“ரெண்டு பேர் பேசி வச்சுக்கிட்டா மூச்சு முட்டுவாங்க, அக்கா?” என்றான் இரட்டையரில் குட்டையானவன்.

எல்லாரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். கை மட்டும் உயரவில்லை.

சரிசெய்ய ஐந்து வாரமாகும் என்றார் மாமா. மூன்று வாரத்தில் தருவதாக நான் மேலே வாக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று மாலை இடது கையால் எழுதினேன்: ‘டெஸ்டர் குரல் கேட்டாலே வேலை ஓட மாட்டேங்குது.’ டப்பாவிலிருந்து எடுத்து வாசிப்பவனும் நானே. ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவர்மேல் எனக்கு வெறுப்பில்லை. என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது என் வேலையையும் சேர்த்து முடித்துக் கொடுத்தவர். நீங்கள் என்னைத் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த வெள்ளி அவரைப் பற்றி மூன்று சீட்டு. ஒன்றுதான் என்னுடையது. அதற்கடுத்த வெள்ளி நான் காப்பி இயந்திரத்தைப் பற்றி எழுதினேன்; மற்ற ஐந்தும் அக்காவைப் பற்றி. ஒருவருக்கு அவர் செருப்புச் சத்தம் பிடிக்கவில்லை. ‘இவங்க நம்ம டீம்தானா?’ என்று இன்னொருவர். ஐந்தாவது சீட்டு அக்காவின் குண்டுக் கையெழுத்தில் இருந்தது: ‘நான் மாறணும்.’ அதையும் அதே குரலில் வாசித்தேன்.

காலையில் எல்லாரும் நின்றபடி வேலையைச் சொல்லும்போது அவர் “எனக்கு ஒண்ணும் இல்ல” என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். ஏழாவது நாற்காலி அவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் வந்துவிட்டது. யாரும் நகர்த்தியதாக ஞாபகம் இல்லை.

தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்னை நிறுத்தினார்.

“தம்பி, நீ ஒருத்தன்தான் என்னைப் பத்தி எழுதல. எனக்குத் தெரியும். நான் என்னதான் பண்ணணும், சொல்லு.”

“ஒரே ஒரு தடவை எல்லாரோடயும் சேந்து கை தூக்குங்க அக்கா.”

“அந்த மணி?”

“அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம். நான் பொறுப்பு.”

நான்காவது வெள்ளி ஐந்து கையும் சட்டென்று உயர்ந்தது. அக்காவின் கை தோள் வரை வந்து நின்றது. அது நேராகும்வரை காத்திருந்துவிட்டு அட்டையை நகர்த்தினேன். இரட்டையர் கைதட்டினார்கள். அன்று ஒரு சீட்டுகூட அவரைப் பற்றி இல்லை. டிசைனர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னாள். அக்கா அழுதார். அணி என்றால் அதுதான்.

மென்பொருள் மருத்துவமனைக்குப் போன பதினோராம் நாள், ஒரு வார்டில் மூன்றாம் கட்டிலும் எட்டாம் கட்டிலும் ஒரே நேரத்தில் அழைத்தன. மூன்றாம் கட்டில்காரர் பிழைத்தார். எட்டாம் கட்டில்காரர் மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். மூன்றாம் கட்டிலைக் கவனித்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டியபடி மூன்றடி தள்ளி நர்ஸ் நின்றிருந்தார்.

ரிலீஸ் தாளில் ‘சோதித்தேன், சரி’ என்ற இடத்தில் ஒரே ஒரு கையெழுத்து. அது டெஸ்டர் போடுவது.

“யார் எடுத்த முடிவு?” என்று விசாரணை அதிகாரி என்னைக் கேட்டார்.

“டீம் சார்.”

“கோளாறு இருந்தது தெரியுமா?”

“டெஸ்டர் சரின்னு கை தூக்கினாங்க சார்.”

இரண்டிலும் பொய் இல்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். முதல் வாரமே, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, இரண்டு மணியையும் சேர்த்து அடித்துப் பார்த்தேன். நான்கு முறை. நான்கு முறையும் இரண்டாவது வாய் திறக்கவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு நானும் சாப்பிடப் போனேன். எட்டாம் கட்டில்காரரைக் கொன்றது நான்தான். சீட்டில் எழுதச் சொன்னாலும் இதைத்தான் எழுதுவேன், பேர் போடாமல்.

காவல் நிலையத்தில் அக்காவை லாக்கப்புக்கு அழைத்துப் போனபோது நான் நடையில் நின்றிருந்தேன். அவர் திரும்பினார்.

“தம்பி, அந்த முதல் சீட்டு யாரு எழுதுனதுன்னு உனக்குத் தெரியுமா? கோவமெல்லாம் இல்ல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.”

“பேர் போடக் கூடாதுன்னு நாமதானே அக்கா முடிவு பண்ணினோம்.”

அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். காவலர் கதவைச் சாத்திப் பூட்டினார்.